மறு: ‘புகை அலகு’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க ஓ கேஜ் (மாதிரித் தண்டவாள அகலங்களில் ஒன்று) மின்சார மாதிரி ரயில்களைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளி மாலை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். எஞ்சினின் புகைபோக்கிக்குக் கீழே ஒரு சிறு உலோகப் பெட்டி. உள்ளே ஒரு மின்தடையம், அதையொட்டி எண்ணெயில் ஊறிய கண்ணாடியிழைத் திரி. மின்தடையம் சூடேறியதும் எண்ணெய் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து வெண்புகையாகத் தெரியும். விசிறியோ, சக்கரத்தோடு ஏறி இறங்கும் உந்துதண்டோ அதைக் குப்குப்பென்று வெளியே தள்ளும். இந்த ‘ஸ்மோக் யூனிட்’டுக்குத்தான் சொல் வேண்டும். உடன் வேலை செய்பவர் ‘புகை அலகு’ என்று போட்டிருக்கிறார். படித்தால் புகையை அளக்கும் அளவைபோல இருக்கிறது. ‘புகைப்பெட்டி’யும் ஆகாது. நீராவி எஞ்சினில் கொதிகலனுக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கே அந்தப் பெயர் உண்டு, மாதிரியில் இந்தக் கருவி பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதும் அதற்குள்தான். பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ‘புகையாக்கி’ என்று போடுங்கள். புகை + ஆக்கி. ‘இ ஈ ஐ வழி யவ்வும்’ என்ற விதிப்படி யகரம் வந்து கூடும், ஓசையும் நன்றாக இருக்கிறது. ‘ஒலிப்பான்’ போல ‘புகைப்பான்’ என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம், ‘அவன் புகைப்பான்’ என்ற வினைமுற்று குறுக்கே நிற்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ‘புகைபோக்கி’யில் ஒற்று மிகாது, புகையைப் போக்குவது என்று வினை நேரே வந்து நிற்கிறது. ‘புகைப்பெட்டி’யில் மிகும். கையேடு முழுக்க இது ஒரே சீராக இருக்கட்டும்.

இயற்பியல் கற்பிப்பவர்:

ஐயா சொன்ன இலக்கணம் சரி, பொருள்தான் சரியில்லை. புகை என்பது எரிதலில் பிறப்பது. நெருப்பில்லாமல் புகையாது என்று நாமே சொல்கிறோம். இங்கே எதுவும் எரியவில்லை, எரியவும் கூடாது. திரி கருகினால் கருவி கெட்டுப்போனது என்று அர்த்தம். வெளியே வருவது எண்ணெயின் நுண்துளிகள், அதாவது மஞ்சு. ‘மஞ்சாக்கி’ என்பது என் முன்மொழிவு.

சொற்பிறப்பு ஆர்வலர்:

எரிந்தால்தான் புகை என்று யார் சொன்னது? புகை என்ற சொல்லுக்கு ஆவி, மூடுபனி என்ற பொருள்களும் அகராதிகளில் உண்டு. இது தென்மொழிகளின் பொதுச்சொத்து: மலையாளத்தில் புக, தெலுங்கில் பொக, கன்னடத்தில் ஹொகெ. நம் புகையிலை அவர்களுக்கு ஹொகெசொப்பு, தெலுங்கருக்குப் பொகாகு. எல்லாமே புகையும் இலையும்தான். ரயிலைப் பாருங்கள். மலையாளி தீயைப் பார்த்தார், தீவண்டி என்றார். கன்னடர் ஆவியைப் பார்த்தார், உகிபண்டி என்றார், உகி என்றால் ஆவி. நாம் புகையைப் பார்த்துப் புகைவண்டி என்றோம். நிஜ ரயில்கள் மின்சாரத்துக்கு மாறிய பிறகு அந்தப் பெயருக்கு உண்மையாக நடப்பது இந்தக் கருவி பொருத்திய மாதிரிகள் மட்டுமே. அந்தச் சொல்லை இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. என் முன்மொழிவு ‘புகைமூட்டி’. வாழைத்தார் பழுக்கப் புகைமூட்டம் போடுவதில்லையா, அதே மூட்டல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கம் இன்றைக்கும் புகையிரத நிலையம்தான். புகையை நாங்கள் விடவே இல்லை.

இயற்பியல் கற்பிப்பவர்:

இரதம் வடசொல். புகைவண்டி இருக்க அது எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:

பெயர்ப்பலகையில் இருப்பதைச் சொன்னேன், ஐயா. ஊரே புழங்கும் சொல்லுக்கு நீங்கள் தீட்டு பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘மஞ்சாக்கி’ என்றால் எங்கள் பிள்ளைகள் மஞ்சள் அரைக்கும் யந்திரம் என்று நினைப்பார்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியை:

சொல்லுக்கு முன் கருவியைப் பார்ப்போம். திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தால் ரப்பர் அடைப்பு, விசிறி, திரி, மின்தடையம் என்று நான்கைந்து பாகங்கள். ‘ஆக்கி’ என்றால் மாணவர் நேரே மின்தடையத்தைத்தான் காட்டுவார், சூட்டை ஆக்குவது அதுதானே. மாற்றியமைப்பதில் பாதி வேலை மின்தடையத்தில் இல்லை. கருகி இறுகிய திரியை எடுத்துவிட்டுப் புதியதைத் தளர்வாக வைப்பது, விசிறி அறையிலிருந்து காற்று வரும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவது, இவற்றாலேயே புகை கூடும். அத்தனையையும் அடக்கும் பெயர் ‘புகைக்கலம்’.

கையேட்டில் 27 ஓமை எடுத்துவிட்டு 20 ஓம் போடச் சொல்லியிருந்தால் ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். 12 வோல்ட்டில் 27 ஓம் 5.3 வாட் எடுக்கும், 20 ஓம் 7.2 வாட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடு கூடுகிறது. எண்ணெய் வற்றியபின் ஓடவிட்டால் திரி கருகும், பிளாஸ்டிக் உடலுள்ள எஞ்சினானால் புகைபோக்கியைச் சுற்றி இளகவும் செய்யும். இது சொல்லைவிட முக்கியம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எச்சரிக்கை அவசியம், அம்மா. ஆனால் எல்லாவற்றிலும் கலம் இருந்ததா? 1946இல் மாதிரி ரயில் செய்யும் லயனல் நிறுவனம் தன் எஞ்சின்களில் புகை விட்டபோது விளக்கின் தலையில் ஒரு குழிதான் இருந்தது. அதில் புகைக்கான மாத்திரையைப் போட்டால் விளக்குச் சூட்டில் புகையும். சூடேற்றும் சுருளோடு தனிக்கலம் வந்தது மறு ஆண்டு. அந்த விளக்கை எப்படிக் கலம் என்பீர்கள்? ஆக்கி என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

பாலிடெக்னிக் ஆசிரியை:

அந்த ஓராண்டு விளக்குக்காக அதன் பிறகு வந்த அத்தனைக்கும் பொருந்தாத பெயரா? ‘புகையாக்கியைக் கழற்று’ என்று படித்துவிட்டு மின்தடையத்தின் கம்பியை வெட்டப்போகும் பையனை நான் வகுப்பில் பார்க்கிறேன், ஐயா.

மொழிபெயர்ப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘புகையாக்கி’ பக்கம்தான் அதிகம் பேர். அதையே போடுகிறேன். கழற்றும் படிகளில் மட்டும் ‘புகையாக்கி முழுவதையும்’ என்றும், உள்ளிருப்பதை ‘சூடேற்றும் மின்தடையம்’ என்றும் பிரித்து எழுதிவிட்டேன். வாட் கணக்கும் எச்சரிக்கையும் தனிக் கட்டத்தில் வருகின்றன. அப்புறம், புகை குப்குப்பென்று வரும் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு ‘வீச்சு’ என்று வைத்திருக்கிறேன்.

இயற்பியல் கற்பிப்பவர்:

அது மஞ்சுதான். அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது போடுங்கள். ‘வீச்சு’ வேண்டாம், அது அலையியலில் ஏற்கெனவே இருக்கிற சொல்.