இருப்பிடத்தை அணைத்த பிறகும் கைபேசி நம் இடத்தை அறிவது எப்படி?

குழித்துறை ஆசிரியை:
வணக்கம். சென்ற வாரம் மகளுடன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறும்போதே கைபேசியில் இருப்பிடத்தை அணைத்துவிட்டேன். தக்கலையில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். அங்கிருந்த இலவச வைஃபையில் மகள் என் கைபேசியை இணைத்தாள். கை கழுவித் திரும்புவதற்குள், ஒரு ஷாப்பிங் செயலி தக்கலைக் கடை ஒன்றின் தள்ளுபடியை அறிவித்தது. அணைத்து வைத்தும் இது எப்படி நடந்தது? மகளும் இதே செயலியைப் பயன்படுத்துவதால் மனம் அமைதிகொள்ளவில்லை.

தக்கலை, கைபேசி பழுதுபார்ப்பவர்:
அம்மா, அந்த வைஃபைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஹோட்டலின் இணைய இணைப்புக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், உண்டு. அதே வைஃபையில் இருந்துகொண்டு, இருப்பிடத்தை அணைக்காத பத்துப் பேர் அந்தச் செயலியைத் திறந்திருந்தால், அந்த முகவரி தக்கலையில் உள்ளது என்பதை அவர்களுடைய கைபேசிகளே காட்டிக்கொடுத்திருக்கும். பதினோராவதாக இணைந்த உங்களிடம் எதையும் கேட்க வேண்டிய தேவையே இல்லை. மொபைல் டேட்டாவில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. என் கடையில் வைத்துச் சோதித்தால் சில நேரம் சென்னை என்றே காட்டுகிறது.

இன்னொன்று. ஆண்ட்ராய்டில் இருப்பிடத்தைப் போட்டிருக்கும்போது, வைஃபையை அணைத்தாலும் அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களைக் கைபேசி தேடிக்கொண்டிருக்கும்; எவை அருகில் உள்ளன என்பதை வைத்தே இடம் தெரிந்துவிடும். அமைப்புகளில் இருப்பிடச் சேவைகளுக்குள் போய் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் தனியாக அணைக்க வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்:
அனுமதியே கேட்காத சென்சார்களையும் மறக்க வேண்டாம். 2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்மீ என்ற முறையை விளக்கினார்கள்: ஜிபிஎஸ் இல்லாமலேயே, கைபேசியின் காற்றழுத்தம், திசை, வேகமாற்றம், நேர மண்டலம் ஆகியவற்றைப் பொதுவில் கிடைக்கும் வரைபடங்களோடு ஒப்பிட்டு, ஒருவர் சென்ற பாதையைக் கண்டறிய முடிந்தது. கடல்மட்டத்தை ஒட்டி ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வண்டியில், மேடும் வளைவும் சேர்ந்தே ஒரு கைரேகைபோலப் பதிந்துவிடும். விலை குறைந்த பல கைபேசிகளில் காற்றழுத்தமானி கிடையாது என்பது ஓரளவு ஆறுதல்.

குழித்துறை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. நாம் சென்ற இடங்களை கூகுள் சேமித்துவைக்கும் 'இருப்பிட வரலாறு' அமைப்பை நான் முன்பே நிறுத்திவிட்டேன். அது போதாதா?

தக்கலை, கைபேசி பழுதுபார்ப்பவர்:
போதாது, அம்மா. அதை நிறுத்திய பிறகும் 'இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு' என்ற வேறொரு அமைப்பின் வழியாக கூகுள் இடங்களைச் சேமித்ததை, 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டு வந்தது. இந்த விவகாரத்தில் 2022-இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. உங்கள் கூகுள் கணக்கில் அதையும் நிறுத்துங்கள். நிறுத்துவதால் மட்டும் ஏற்கெனவே சேர்ந்திருப்பது போகாது என்பதால், அதைத் தனியே அழித்துவிடுங்கள். மகளின் கைபேசியிலும் இதையே செய்து கொடுங்கள்.