ஹாங்காங் லே-ஓவர்ல லாண்டாவ் பெரிய புத்தர், அம்மாவோட போகலாமா?

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசில அம்மாவைக் கூட்டிக்கிட்டு சென்னைலேர்ந்து சான் பிரான்சிஸ்கோ போறேன், அக்காவுக்குப் பிரசவம். நடுவுல ஹாங்காங்ல காலைல இறங்கினா ராத்திரிதான் அடுத்த ப்ளைட், பகல் பூரா ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கறதுக்கு பக்கத்துல லாண்டாவ் தீவு மலை மேல இருக்கற பெரிய புத்தரைப் பாத்துட்டு வந்துடலாமேன்னு ஆசை. ஆனா 268 படிங்கறாங்க, அம்மாவுக்கு முட்டி வலி. அதோட சுத்த சைவம், விரத நாள்ல வெங்காயம் பூண்டு கூட தொடமாட்டாங்க. கேபிள் காரா பஸ்ஸா? கண்ணாடித் தரை போட்ட கேபினுக்கு கூடக் காசு குடுக்கறது வொர்த்தா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

துங்சுங்வாசி:
தாராளமா போகலாம்மா. முதல்ல ஒரு விஷயம், இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனா வெளிய வரணும்னா ஆன்லைன்ல ப்ரீ-அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு அந்த ஸ்லிப்பை பிரிண்ட் எடுத்து வச்சுக்கணும், காசு கிடையாது, ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடணும். இதை விட்டுட்டா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர முடியாது. வெளிய வந்ததும் எஸ்1 பஸ் புடிச்சா துங் சுங், அங்கயே கேபிள் கார் ஸ்டேஷன். 5.7 கிலோமீட்டர், 25 நிமிஷம், கடல் மேல போய் நடுவுல ஏர்போர்ட் தீவுல ஒரு திருப்பு திரும்பி மலை ஏறும், ரன்வேல ப்ளைட் இறங்கறது கீழ தெரியும். ஆனா மார்ச் ஏப்ரல்ல இங்க மூடுபனி ஜாஸ்தி, பனி இறங்கிட்டா கண்ணாடித் தரைல வெள்ளையத் தவிர ஒண்ணும் தெரியாது, அதனால அன்னிக்கு வானத்தைப் பாத்துட்டு டிக்கெட் வாங்குங்க. பலத்த காத்துன்னா நிறுத்திடுவாங்க, மெயின்டெனன்ஸுக்குன்னும் சில நாள் மூடுவாங்க, வெப்சைட்ல தேதி பாத்துக்கோங்க. பக்கத்துலயே 23ம் நம்பர் பஸ் நிக்கும், முக்கால் மணி நேரம், நம்ம கொல்லிமலை ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கறது நல்லது.

தயிர்சாதம்:
சாப்பாடு பத்தி நான் சொல்றேன். புத்தருக்கு எதிர்லயே போ லின் மடம், 1906ல மூணு துறவிங்க ஆரம்பிச்சது. அவங்க நடத்தற சாப்பாட்டுக் கூடத்துல சுத்த சைவம்தான், சீன பௌத்த மடத்துச் சமையல்ல வெங்காயம் பூண்டு ரெண்டுமே விலக்கு, உங்கம்மாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, சோயால மாமிசம் மாதிரியே ஏதாவது பண்ணி வைப்பாங்க, முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா தட்டைப் பாத்ததும் எந்திரிச்சுடுவாங்க. மத்தியானத்துக்குள்ள போயிடுங்க, சாயங்காலம் கிடைக்காது.
படி ஏறலன்னா பெரிய நஷ்டம் இல்லீங்க. சிலை 34 மீட்டர், கீழ நின்னாலே முழுசா தெரியும், மார்புல ஸ்வஸ்திக் கூட தெரியும். நீங்க மட்டும் ஏறிட்டு வாங்க, மேல ஆறு தேவர் சிலைங்க பூ, தீபம், பழம்னு நீட்டிக்கிட்டு நிக்கறது நல்லா இருக்கும். மேடை வரைக்கும் ப்ரீ, உள்ள இருக்கற மண்டபத்துக்குத்தான் டிக்கெட். அம்மா அதுக்குள்ள மடத்துல பத்தாயிரம் புத்தர் மண்டபத்தைப் பாக்கட்டும்.

மலைக்காட்டான்:
எல்லாரும் கேபிள் கார் கேபிள் கார்ங்கறாங்க, எனக்கு அது பெருசா ஒண்ணும் படலை, இறங்கின உடனே சுவனீர் கடைத்தெரு வேற, சீக்கிரம் தாண்டிடுங்க. சிலையே ஒண்ணும் பழங்காலத்துது இல்ல, 1993ல திறந்த வெண்கலச் சிலை, 202 துண்டா வார்த்து சேத்தது. ஆனா அங்கேர்ந்து கால் மணி நேரம் நடந்தா விஸ்டம் பாத்னு ஒரு இடம், அதை விட்டுடாதீங்க. 38 மரத்தூண், மலைச்சரிவுல 8ங்கற எண் வடிவத்துல நட்டு வச்சிருக்காங்க, தூண்ல இருதய சூத்திரம்ங்கற பௌத்த சூத்திரத்தை சீன எழுத்துல செதுக்கியிருக்கு. அந்தக் கையெழுத்து ஜாவ் சுங்-யீயோடது, பெரிய அறிஞர், 1963ல புனே பண்டார்கர் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து ஆராய்ச்சி பண்ணவர். ஒரு தூண்ல மட்டும் எதுவுமே எழுதலை, அது சூன்யத்தைக் குறிக்குதாம். பின்னாடி லாண்டாவ் பீக், 934 மீட்டர். கூட்டமே இருக்காது, வழில மாடுங்க படுத்துக்கிட்டிருக்கும். பாதை அவ்ளோ செங்குத்து இல்ல, அம்மா மெதுவா நடப்பாங்கன்னா கூட்டிட்டுப் போங்க.
போட்டோவுக்கு ஒரு டிப்ஸ்: புத்தர் வடக்கு பாத்து உக்காந்திருக்கார், வெயில் அவர் முதுகுப்பக்கம் அடிக்கும், மத்தியானம் எடுத்தா முகம் கருத்துதான் விழும்.

காவேரிக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். வெங்காயம் விஷயம் சொன்னதும் அம்மா உடனே சரின்னுட்டாங்க. துங்சுங்வாசி அண்ணா, திரும்பறப்போ லேட் ஆனா டாக்ஸி கிடைக்குமா?

துங்சுங்வாசி:
கிடைக்கும், ஆனா நீலக்கலர் டாக்ஸியா பாத்துப் புடிங்க, லாண்டாவுக்குன்னே ஓடறது அதுதான், எண்ணிக்கை கம்மி. சிகப்பு டாக்ஸி அந்த மலைக்கு வராது. சிலைப் படி 5.30க்கு மூடிடுவாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கினா பஸ் க்யூ நீளும். நீங்க 4 மணிக்கே கிளம்பிடுங்க.