'சூழல் வில்லங்கம்': மூடப்படும் கடற்படைத் தளத்து நிலத்துக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடற்படைத் தளங்களை மூடுவது, இடம் மாற்றுவது தொடர்பான சூழல் ஆவணங்களுக்கான நம் சொற்பட்டியலில் ஒரு சொல் மட்டும் இழுபறியாகவே இருக்கிறது: எஞ்சிய மாசு போன்ற காரணங்களால் தளத்து நிலத்தின் மேல் விதிக்கப்பட்டு, நிலம் கைமாறினாலும் தொடரும் தடையைக் குறிக்கும் சொல். இப்போதைக்கு "நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு" என்று எழுதிவைத்திருக்கிறோம். அதற்குப் பதில் "சூழல் வில்லங்கம்" என்ற சொல்லை முன்வைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அலமீடா கடற்படை வான்தளத்தை வைத்துக் காரணத்தைச் சொல்கிறேன். விமானந்தாங்கிக் கப்பல்கள் கட்டிநின்ற துறை அது. 1993இல் மூடல் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1997 ஏப்ரலில் மூடப்பட்டது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுத் தளமூடல் சட்டப்படி, எந்தத் தளத்தை மூடுவது என்ற முடிவுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லை. மதிப்பீடு இரண்டே கட்டங்களில் உள்ளே வருகிறது. ஒன்று, மூடப்படும் தளத்தின் பணிகளை ஏற்கப்போகும் தளம் (ஏற்புத் தளம்) எது என்று முடிவான பிறகு, அவை அங்கே போவதற்கு முன்னால். மற்றொன்று, காலியான நிலத்தைக் கைமாற்றும்போது. அப்போதும் "மூடத்தான் வேண்டுமா", "வேறொரு தளத்துக்கு அனுப்பினால் என்ன" என்ற கேள்விகளை மதிப்பீட்டில் ஆராய வேண்டியதில்லை. ஆகவே மக்கள் கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவை கைமாற்றும் கட்டத்தில்தான் வந்து குவிகின்றன. அங்கே நாம் வைக்கும் சொல் தெளிவாக இருந்தாக வேண்டும்.

கைமாற்று எப்படி நடக்கிறது? முதலில் தளம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து நிலைக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். பழைய வரைபடங்கள், வான்படங்கள், கிடங்குப் பதிவேடுகள், ஊழியர் நேர்காணல், நேரடிப் பார்வை எல்லாம் சேர்த்து ஒவ்வொரு துண்டுக்கும் 1 முதல் 7 வரை ஒரு வகை எண். 1 என்றால் அங்கே நச்சுப்பொருளோ பெட்ரோலியப் பொருளோ கொட்டியதும் இல்லை, கசிந்ததும் இல்லை, பக்கத்து நிலத்திலிருந்து ஊறி வந்ததும் இல்லை. 7 என்றால் இன்னும் ஆராயப்படவில்லை, அல்லது கூடுதல் ஆய்வு வேண்டும். இடைப்பட்டவை கசிவின் அளவையும் தூய்மைப் பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் காட்டும். 1 முதல் 4 வரை உள்ளவையே வழக்கமான முறையில் கைமாறத் தகுந்தவை. பத்திரத்தில் அரசு இரண்டு உறுதிமொழி தரவேண்டும்: தேவையான தூய்மைப் பணி எல்லாம் முடிந்துவிட்டது, பின்னால் ஏதாவது தெரியவந்தால் அதையும் அரசே செய்யும். அதற்காக நிலத்துக்குள் வந்துபோகும் உரிமையையும் அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

"பணி முடிந்தது" என்பதற்கு "மண் சுத்தம்" என்று பொருளில்லை. மாசு கீழேயே இருக்கலாம். அதைத் தொடாமல் இருக்க ஏற்பாடு செய்தாலும் பணி முடிந்ததாகவே கணக்கு. அந்த ஏற்பாடு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, வாங்குகிறவர் கை மாறினாலும் கூடவே போகிறது. கிரயத்துக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கும் எவருக்கும் இந்தக் கருத்து புதிதல்ல. நிலத்தின் மேல் என்ன பாரம் இருக்கிறது என்பதைக் குறிக்கப் புழங்கும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மடல் 2

ஐயா, வணக்கம். விளக்கத்துக்கு நன்றி. ஆனால் சொல்லை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது.

இலங்கையில் பத்திரத்தை "உறுதி" என்போம். "வில்லங்கம்" என்றால் எங்கள் காதில் வீண் சிக்கல், தகராறு என்றுதான் விழும். தமிழ்நாட்டிலும் "வில்லங்கமான ஆள்" என்று சொல்வதில்லையா? அரசு ஆவணத்தில் "இந்நிலத்தில் சூழல் வில்லங்கம் உள்ளது" என்று எழுதினால், வழக்கு நடக்கிறதோ என்று வாசகர் நினைப்பார். "நிலத்தளை" அல்லது "மாசுத்தடை" என்று வைத்தால் என்ன? இரண்டும் சின்னச் சொற்கள், வேறு பொருளோடு குழம்பா.

மடல் 3

"மாசுத்தடை" அலமீடாவுக்கே பொருந்தாது, அம்மா. மூடிய ஓடுபாதை ஒன்றின் மேல் சிற்றாலா என்னும் கடற்பறவை கூடு கட்டுகிறது. கலிபோர்னியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. அந்த இடத்தைச் சுற்றிக் கட்டட உயரத்துக்கு வரம்பு, வெளிச்சத்துக்கு வரம்பு, பூனை போன்ற கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்தும் கடமை எல்லாம் நிலத்தோடு சேர்ந்தே வந்தன. உயரமான கம்பம் நட்டால் வல்லூறு அதில் உட்கார்ந்து குஞ்சுகளை நோட்டமிடும். உயர வரம்பு அதற்காகத்தான். இதில் மாசு எங்கே இருக்கிறது? தடை மட்டும் இருக்கிறது. "சூழல்" என்ற முன்னொட்டு இருந்தால் இதுவும் அடங்கும், மண்ணுக்கடியில் உள்ள மாசும் அடங்கும்.

சொல் எதைத் தாங்க வேண்டும் என்பதற்கு இன்னொரு நல்ல சான்று அதே ஊரில் இருக்கிறது. தளத்தின் பெரும்பகுதி விரிகுடாவையும் சதுப்பையும் தூர்த்து உருவாக்கிய நிலம். தூர்ப்பதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, அக்கம்பக்கத்து எரிவாயு ஆலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் விட்ட தார்க்கழிவு சதுப்பின் மேல் படிந்திருந்தது. அதன் மேல் மண்ணைக் கொட்டினார்கள். இன்று தோண்டினால் தூர்த்த மண்ணுக்குக் கீழே கருத்த ஒரு படலம் வரும். உள்ளூரில் அதைச் "சதுப்பு மேலோடு" என்ற பொருளில் அழைக்கிறார்கள். பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் நிறைந்தது, புற்றுநோய் அபாயம் உண்டு. பரப்பும் பெரிது, ஆழமும் அதிகம். முழுவதையும் அள்ளி எடுப்பது நடக்கிற காரியமில்லை. மேலே நடமாடுகிறவருக்கு அதனால் தொல்லையும் இல்லை. தோண்டினால்தான் தொல்லை.

ஆகவே 2000இல் நகராட்சி ஓர் ஆணை இயற்றியது. இடத்துக்கு இடம் ஒரு வரம்பு ஆழத்தை வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போவதானால் தனி அனுமதி வேண்டும். வீட்டு அடித்தளம் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொடாது. சாக்கடைக் குழாய்ப் பள்ளமும் நீச்சல் குளமும் முளைக்கம்பமும் தொடும். கீழிருந்து வந்த மண்ணைப் பக்கத்துத் தோட்டத்தில் பரப்பக்கூடாது. மாசு கலந்தது என்றே வைத்துக்கொண்டு கையாளவேண்டும், அல்லது சோதித்துப் பார்த்து அதற்கேற்ற இடத்துக்கு அனுப்பவேண்டும்.

இதில் எங்கே தவறுகிறது என்றால், பத்திரத்தில் எழுதியிருப்பதைக் குழி தோண்டுகிற ஒப்பந்தக்காரர் படிப்பதில்லை. நிலம் வாங்கியவர் படித்திருப்பார். பத்து வருடம் கழித்துக் குழாய் மாற்ற வருகிறவருக்கு அது தெரியாது. அதனால்தான் ஒரே தடையைப் பல அடுக்காக வைக்கிறார்கள்: பத்திரத்தில் ஒன்று, மாநில அரசோடு பதிவுசெய்த உடன்படிக்கை ஒன்று, நகராட்சி அனுமதி மேசையில் ஒன்று. ஓர் அடுக்கை யாராவது கவனிக்காமல் விட்டாலும் அடுத்தது பிடிக்கும். வில்லங்கச் சான்றிலும் இதே குறை உண்டல்லவா? பதிவான ஆவணம் மட்டுமே அதில் வரும். பதிவாகாத பாரம் இருந்தாலும் சான்று வில்லங்கமில்லை என்றே வரும். "சூழல் வில்லங்கம்" என்று சொல்லும்போது இந்த எச்சரிக்கையும் கூடவே வருவது எனக்குப் பெரிய ஆதாயமாகப் படுகிறது.

"தளை" அழகான சொல். ஆனால் யாப்பிலும் விலங்கிலும்தான் அதைப் பார்த்திருக்கிறோம். நிலப் பதிவில் அது எங்கும் இல்லை.

மடல் 4

தூர்வாரும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இதுவரை பேச்செல்லாம் காலிசெய்த நிலத்தைப் பற்றியே போகிறது. கப்பல்கள் போய்ச்சேரும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்லின் எல்லை தெரியும்.

மேற்குக் கரையில் புதிய பெரிய விமானந்தாங்கிகளை ஏற்றுக்கொண்ட துறைகளில் சான் டியேகோ ஒன்று. அவற்றுக்கு ஆழம் போதாமல் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். எடுத்த மணலைக் கரைந்துபோன கடற்கரைகளுக்குப் போடுவது திட்டம். கழிவு என்று கடலில் கொட்டுவதைவிட நல்ல யோசனைதான். 1997இல் ஓஷன்சைடு கடற்கரையில் கொட்டிய மணலில் வெடிக்காத தோட்டாக்களும் குண்டுகளும் கிடந்தன. மணல் போடுவதை நிறுத்தி, மீதியை ஆழ்கடலில் கொட்டவேண்டியதாயிற்று. காரணம் எளிது. தூர்மண் ஆய்வு குழாய் மாதிரி எடுத்து, மணியளவையும் வேதிப்பொருளையும் உயிரிகள் மீதான நச்சுத்தன்மையையும் பார்க்கும். சிதறிக் கிடக்கும் உலோகத் தோட்டா கையகலக் குழாய்க்குள் அகப்படுவது அபூர்வம். கடற்படை நூறாண்டு புழங்கிய துறையில் வெடிபொருள் தேடலைத் தனிப் பணியாகவே வைக்கவேண்டும். உறிஞ்சுகுழாயின் வாயில் கம்பிவலை, கரைக்குப் போகும் முனையில் சல்லடை, காந்த அளவி என்று அதற்கு முறைகள் இருக்கின்றன.

தூர்வாரும்போது அழியும் கடற்புல் இன்னொன்று. 2014 வரை நடைமுறையில் இருந்த தென் கலிபோர்னியாவின் 1991ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, அழித்த ஒவ்வொரு பங்குக்கும் 1.2 பங்கு கடற்புல் வளர்த்துக் காட்டவேண்டியிருந்தது. நட்டால் மட்டும் போதாது, பல ஆண்டு கண்காணிப்பில் தேறவேண்டியிருந்தது. நீர் கலங்கினால் வெளிச்சம் கிடைக்காமல் புல் சாகும். தூர்வாரும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டால் வீண்.

இவை எவையும் வில்லங்கம் அல்ல. செய்துமுடிக்கவேண்டிய ஈடு. நிலத்தோடு ஒட்டி நிற்பதில்லை. ஆகவே ஏற்புத் தளத்தின் பக்கம் "ஈடுசெய்கை" என்றே இருக்கட்டும். வில்லங்கத்தை அங்கே இழுத்துப்போகவேண்டாம்.

இன்னொரு வேறுபாட்டையும் பட்டியலில் காட்டவேண்டும். வேலி, தூய மண் மூடி, தார்த்தளம், நிலத்தடி நீரைத் தடுக்கும் சுவர் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். எழுத்தில் மட்டும் இருக்கும் தடை வேறு. முன்னதைக் "காப்பமைவு" எனலாம். மண் மூடியில் வெடிப்பு விழுந்தால் பார்த்துத் திருத்தலாம். எழுத்துத் தடை மீறப்பட்டால் மண் வெளியே போன பிறகே தெரியவரும். ஆகவே மாசை விட்டுவைத்த இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்று சட்டமே சொல்கிறது.

மடல் 5

ஏற்கிறேன். என் தயக்கம் பேச்சு வழக்கைப் பற்றியது மட்டுமே. "சூழல்" முன்னால் நிற்கும்வரை குழப்பம் வராது என்று இப்போது படுகிறது. இலங்கை வாசகருக்காக வரையறையில் "காணி உறுதியோடு தொடரும்" என்ற சொற்களைச் சேர்த்துவிட்டால் போதும். ஒரு சந்தேகம்: தடை எவ்வளவு காலத்துக்கு?

மடல் 6

மாசைப் பொறுத்தது, அம்மா. அலமீடாவின் 5ஆம் எண் கட்டடத்தில் விமானக் கருவி முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிர்பூச்சு பூசினார்கள். கழுவிய நீர் வடிகால் வழியே கடல்விமானக் காயலுக்குப் போய்ச் சேர்ந்து, வண்டலில் தங்கியது. காயல் மூலைகளைத் தூர்வாரினார்கள். வடிகால் குழாய்களையும் தேடித் தோண்டவேண்டியிருந்தது. ரேடியம் 226இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டு. அத்தகைய மாசை விட்டுவைத்தால் தடைக்கு முடிவுத் தேதியே போடமுடியாது. பெட்ரோலியக் கசிவு அப்படியல்ல. மண்ணின் நுண்ணுயிர்களே காலப்போக்கில் சிதைக்கும், சோதனை தேறியதும் தடையை நீக்கலாம். அதற்கு "வில்லங்க நீக்கம்" என்ற துணைச்சொல்லும் கைவசம் கிடைக்கிறது.

பட்டியலுக்கான வரையறை இது:

சூழல் வில்லங்கம்: எஞ்சிய மாசு அல்லது உயிரினப் பாதுகாப்பு காரணமாக ஒரு நிலத்தின் பயன்பாட்டின் மீது எழுத்தில் விதிக்கப்பட்டு, பத்திரத்தோடு அல்லது காணி உறுதியோடு அடுத்தடுத்த உரிமையாளருக்குத் தொடரும் தடை அல்லது கடமை. காப்பமைவு இதில் அடங்காது. காப்பமைவைப் பேணும் கடமை அடங்கும்.

தொடர்புடைய சொற்கள்: ஏற்புத் தளம், நிலைக் கணக்கெடுப்பு, கைமாற்றுத் தகுதி முடிவு, வரம்பு ஆழம், வில்லங்க நீக்கம். "கைமாற்றுத் தகுதி முடிவு" சற்று நீளம். சுருக்க வழி தெரிந்தவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.