மேசைமேல் நடக்கும் போருக்கும் காமிக்ஸில் நடக்கும் போருக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

தாயக்கட்டை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மினியேச்சர் எனப்படும் சிறு உருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் வார்ஹேமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டைச் சில ஆண்டுகளாக ஆடிவருகிறேன். அதன் காமிக்ஸ் பக்கம் இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். மார்வெல் நிறுவனம் 2020-ல் வெளியிடத் தொடங்கிய, கீரன் கில்லன் எழுதி ஜேசன் பரோஸ் வரைந்த ‘மார்னியஸ் கால்கர்’ தொடரைப் படித்து முடித்தேன். கதை பிடித்திருந்தது. ஆனால் போர்க்காட்சிகளில் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கிறது.

மேசையில் என்னுடைய ஸ்பேஸ் மரீன் (கனத்த கவசம் அணிந்த விண்வெளிப் போர்வீரன்) மீது சாதாரணக் குண்டு பாய்ந்தால் நான் பகடையை உருட்டி மூன்றோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு விழுந்தால் கவசம் கைவிட்டுவிடும். ஆகவே எந்தப் படைப்பிரிவை எந்த இடிபாட்டுக்குப் பின்னால் நிறுத்துவது, எந்த இலக்கை எதிரிக்கு விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். காமிக்ஸிலோ அதே வீரன் குண்டுமழைக்கு நடுவே நிமிர்ந்து நடந்துபோகிறான். விளையாட்டுக்கு உண்மையாக இல்லாததைக் காமிக்ஸின் குறையாகக் கொள்ளலாமா? போரைப் போராகவே காட்டும் தொகுப்பு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

வண்ணத்தூரிகை:

நண்பரே, நீங்கள் குறை என்று சொல்வது விளையாட்டின் தேவையிலிருந்து பிறந்தது என்று நினைக்கிறேன். படைப்பிரிவுகளின் வலிமைக்கேற்பப் புள்ளி கணக்கிட்டு, இருவரும் தலா 2,000 புள்ளிகளுக்குப் படை சேர்த்துக்கொண்டு மேசைக்கு வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்ற நிலை இருந்தால்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆடுவதில் பொருள் உண்டு. கதைக்கு அந்தச் சமநிலை தேவையில்லை. இந்த இடைவெளியை, விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே நன்கு அறியும். கதைகளில் வருவதுபோல விரல்விட்டு எண்ணக்கூடிய மரீன்கள் ஒரு முழுப் படையையே எதிர்த்து நிற்கும்படியான தனி விதிகளை, ‘மூவி மரீன்ஸ்’ என்ற பெயரில், தன்னுடைய ஒயிட் டுவார்ஃப் இதழில் ஒருமுறை வெளியிட்டிருந்தது.

பல காலமாக மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுகிறவன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொரு சிக்கல். கைநீட்டும் தொலைவிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக மினியேச்சர்களின் தலை, கை, துப்பாக்கி ஆகியவை இயல்பைவிடப் பெரிதாக வார்க்கப்படுகின்றன. மரீனின் தோள்கவசம் எவ்வளவு அகலம் என்றால், அவன் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அது தலைக்கவசத்தில் இடிக்கும். மேசையில் அசையாமல் நிற்கும் உருவத்துக்கு அது பொருட்டல்ல. கட்டத்துக்குக் கட்டம் அதே உடலை ஓடவும் குனியவும் வைக்க வேண்டிய ஓவியர் என்ன செய்வார்? கவசம் முகத்தை மூடியிருந்தால் உணர்ச்சியே தெரியாது என்பதால் நாயகனை வெறுந்தலையோடு போருக்கு அனுப்புகிறார்கள். அடுத்த முறை படிக்கும்போது எத்தனை கட்டங்களில் நாயகன் தலைக்கவசம் அணிந்திருக்கிறான் என்று பாருங்கள்.

பழைய இதழ்:

இருவர் சொன்னதும் சரி. ஆயினும் விளையாட்டு முதலில், காமிக்ஸ் பிறகு என்ற வரிசையை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ரிக் பிரீஸ்ட்லி எழுதிய முதல் விதிநூலான ‘ரோக் டிரேடர்’ 1987-ல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1977-ல், பிரிட்டனில் ‘2000 ஏடி’ காமிக்ஸ் வார இதழ் தொடங்கிவிட்டது. இரக்கமற்ற நீதிபதிகள், அயலுயிர்களை வேரறுக்கத் துடிக்கும் வெறிபிடித்த மதப்படை எல்லாம் அங்கே ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தன. அந்த நீதிபதிகளில் ஒருவரான ஜட்ஜ் டிரெட்டை வைத்துக் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1980-களில் விளையாட்டுகளே வெளியிட்டது. (இந்த மரபு நமக்கும் அந்நியமானதல்ல. நம்மில் பலர் முத்து காமிக்ஸில் படித்து வளர்ந்த இரும்புக்கை மாயாவி, அதே பிரிட்டிஷ் வார இதழ் உலகிலிருந்து வந்தவர்தான்.)

ஆகையால் 1998-ல் ‘வார்ஹேமர் மந்த்லி’ என்ற காமிக்ஸ் இதழ் தொடங்கப்பட்டபோது 2000 ஏடியின் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அதில் எழுதியதையும் வரைந்ததையும் வீடு திரும்பியதாகவே நான் பார்க்கிறேன். டேன் ஆப்னெட், கோர்டன் ரென்னி, காலின் மக்நீல், கெவ் வாக்கர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கெவ் வாக்கரின் கைவண்ணத்தில் உருவான ‘டீமனிஃபியூஜ்’ தொடரைக் கட்டாயம் படியுங்கள். கறுப்பு வெள்ளையில், நெருக்கமான கோடுகளில், திருச்சபையின் போர்த்துறவியான எஃப்ரேல் ஸ்டெர்னைச் சுற்றி நடக்கும் கதை அது. காமிக்ஸ் பக்கத்தில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு 2020-ல் மினியேச்சரும் ஆட்டவிதிகளும் வந்தன. காமிக்ஸ் விளையாட்டுக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்கும்போது இந்த எதிர்ப்பயணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாவாய்:

பழைய இதழ் சொன்ன வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் நெருடலுக்கு அது பதிலாகவில்லை. வீரன் எவ்வளவு வலிமையானவன் என்பது எனக்குப் பொருட்டல்ல. அந்தப் போரில் அவன் எதை இழக்கிறான் என்று கதை காட்டுகிறதா என்பதே கேள்வி. பேட் மில்ஸ் எழுதி ஜோ கல்குஹூன் வரைந்த ‘சார்லிஸ் வார்’ முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளை ஒரு சாதாரணச் சிப்பாயின் கண்வழியே காட்டியது. 2000 ஏடியைத் தொடங்கி வைத்தவரும் அதே மில்ஸ்தான். அவரிடமிருந்து வார்ஹேமர் காமிக்ஸ் கோரமான கவசங்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. அந்தச் சிப்பாயின் அச்சத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இம்பீரியம், அதாவது கதையில் மரீன்கள் காக்கும் மனிதப் பேரரசு, ஒரு கொடுங்கோன்மை, அதைப் போற்றுவதற்காகப் படைக்கவில்லை என்று கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2021-ல் வெளிப்படையாகவே அறிக்கை விட வேண்டியிருந்தது. நாயகர்களைத் தாழ்ந்த கோணத்திலிருந்து சிலைபோல வரைந்துகொண்டே இருந்தால் வாசகர் அங்கதத்தைத் தவறவிட்டு வழிபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

பரிந்துரை கேட்டீர்கள். ஆப்னெட்டும் இயன் எட்ஜிங்டனும் எழுதி, 2006-ல் பூம் ஸ்டுடியோஸ் வெளியிடத் தொடங்கிய ‘டாம்னேஷன் குருசேட்’ தொடரைப் படியுங்கள். பயிற்சி பெறும் இளைஞன், களத்தில் நிற்கும் போர்வீரன், சிதைந்த உடலோடு இரும்புக்கூட்டுக்குள் வைக்கப்பட்டுப் போருக்கு மட்டும் எழுப்பப்படும் டிரெட்நாட் என்று மூன்று இழைகள் மாறி மாறி வரும். மூன்றும் எங்கே சேர்கின்றன என்பதை இங்கே சொல்ல மாட்டேன். மேசையில் டிரெட்நாட்டை நகர்த்தும்போது அதற்குள் ஒரு மனிதன் கிடக்கிறான் என்பது நமக்கு நினைவிருப்பதில்லை; இந்தத் தொடர் அதை மறக்க விடாது.

தாயக்கட்டை:

மூவருக்கும் நன்றி. நாவாய் சொன்ன தொகுப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் படையில் இரண்டு டிரெட்நாட்கள் இருக்கின்றன. ‘டீமனிஃபியூஜ்’ அதற்கடுத்து. அவற்றைப் படித்தபின் இதே இழையில் விரிவாக எழுதுகிறேன். தலைக்கவசக் கணக்கையும் சேர்த்தே தருகிறேன்.