கத்தி செய்யக் கொடுக்கும்போது பட்ஜெட்டை முதலிலேயே சொல்லலாமா?

கறிச்சட்டி:
8 அங்குலச் சமையல் கத்தி ஒன்றைக் கையால் செய்பவரிடம் ஆர்டர் கொடுக்க வேண்டும். கையிருப்பு 8,000 ரூபாய். இதை முதல் பேச்சிலேயே சொல்வதா, விலை அவர் வாயிலிருந்து வரட்டும் என்று இருப்பதா?

உலைத்துருத்தி:
முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே கத்தியை நாலு விலையில் செய்யலாம். இரும்புக்குப் போவது சிறு பங்குதான், மீதியெல்லாம் கைவேலை நேரம். தொகை தெரிந்தால் எந்த வேலையைச் சுருக்குவது என்று அவரே கணக்குப் போடுவார். தெரியாவிட்டால் நீங்கள் காட்டிய படத்துக்கு விலை சொல்வார், நீங்கள் பதிலே போடாமல் காணாமல் போவீர்கள்.

மொக்கைவாய்:
அது நேர்மையான ஆளுக்குச் சரி. மற்றவரிடம் 8,000 என்றால் 5,000 பெறுகிற கத்திக்கும் 8,000தான் பில். முதலில் விவரம் கேளுங்க: என்ன இரும்பு, முதுகு எத்தனை மி.மீ., பதம் போடுவது (சூடேற்றித் தோய்த்து இரும்பைக் கடினமாக்குவது) யார், எந்த உலையில், பிடி என்ன மரம், உறை சேர்த்தா. விலை எழுத்தில் வந்த பிறகு "8,000க்குள் வர எதைக் குறைக்கலாம்?"னு கேட்டால் போச்சு.

உலைத்துருத்தி:
அந்தக் கடைசிக் கேள்விதான் ஆபத்து. வெறுமனே "குறைங்க" என்றால் கண்ணில் படாத இடத்தில்தான் குறையும். பேரிங் இரும்பான இஎன் 31ஐ எடுத்துக்கொள்வோம். கார்பன் 1 சதவீதம். 850 டிகிரி சுமாருக்குச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரியில் 2 மணி நேரம் வீதம் இரண்டு முறை வைக்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தை அவசரத்தில் முடித்தாலும் கத்தி பளபளவென்றுதான் இருக்கும். பூசணிக்காய்த் தோலில் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சில்லுச்சில்லாக உதிரும்போதுதான் விஷயம் தெரியும். துருப்பிடிக்காத இரும்பு கேட்டால் 1,000 டிகிரி தாண்ட வேண்டும். கரி உலையில் நிறம் பார்த்துச் செய்கிற வேலையில்லை அது, மின் உலை வேண்டும்.

சாணைக்கல்:
இருவரும் விட்டது ஒன்று: பழைய லாரிப் பட்டை, அதாவது ஸ்பிரிங் தகடு. "அதில் அடித்தால் மலிவு" என்பார்கள். வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த இரும்பு, உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் எண்ணெயில் விழும்போது பிளக்கும். கார்பனும் 0.6 சதவீதம் அளவுதான். அருவாளுக்கு அருமை, மெல்லிய சமையல் கத்திக்கு வாய் சீக்கிரம் மழுங்கும். புதுப் பட்டை வாங்கினால் கூடுவது சொற்பம், அங்கே கைவைக்காதீர்கள்.

பணம் கரைகிற இடம் மெருகு. தேய்ப்புத் தாளில் நம்பர் கூடக் கூட மென்மை. சாணையில் குறுக்கே விழுந்த 120 நம்பர் கீறலை 220 தாளால் நீளவாக்கில் தேய்த்து எடுத்து, பிறகு 400, பிறகு 600. ஒவ்வொன்றும் முந்தையதை முழுசாக அழிக்க வேண்டும். எண்ணெய் தடவி விளக்கருகே சாய்த்துப் பார்க்கையில் ஒற்றை 120 கீறல் மின்னினாலும் மறுபடி 220லிருந்து. எனவே 220ல் நிறுத்தச் சொல்லுங்கள், வெட்டு ஒன்றும் குறையாது. பிடியில் பூவேலை ரிவிட்டுக்குப் பதில் மூன்று பித்தளைக் கம்பி போதும். தோல் உறையும் வேண்டாம்.

மொக்கைவாய்:
சரி, தொடக்கூடாததைச் சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லலாம். ஆனாலும் 7,000னு சொல்லுங்க. நடுவில் ஏதாவது மாற்றம் வந்தால் 1,000 கையில் இருக்கும்.

உலைத்துருத்தி:
என்ன மாற்றம்? பிடிக்கு ரிவிட் துளை தோய்ப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும், பின்னால் டிரில் பிட்தான் மழுங்கும். தோய்த்த பிறகு மூக்கைக் குறுக்கச் சொன்னால் சாணைச் சூட்டில் பதம் போகும், வாயோரம் நீலம் பாரித்தால் கதை முடிந்தது. மாற்றமெல்லாம் காகித வரைபடத்தோடு சரி. அச்சாரத்தைப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், அந்த ஜாக்கிரதை போதும்.

கறிச்சட்டி:
அனுப்பப்போவது: "8 அங்குலம், புது இஎன் 31, முதுகு 2.5 மி.மீ. பதத்தில் குறை வைக்க வேண்டாம், மெருகு 220 போதும், உறை வேண்டாம். 8,000 இருக்கிறது. இதற்குள் எந்தப் பிடி வரும்? வரைபடம் ஒப்பிய பிறகு பாதி அச்சாரம்."

மொக்கைவாய்:
காய்க்கா, எலும்புக்கானு எழுதவில்லையே. எலும்பும் இதிலேயேன்னா வாயை 0.2 மி.மீ. கனத்துக்கு மெலிக்கவே கூடாது. அதையும் சேர்த்து அனுப்புங்க.