புதுப்பிப்பு: பழைய ஸ்பீக்கரில் பேஸ் வந்துவிட்டது

1970களின் மூடிய பெட்டி ஸ்பீக்கர் ஜோடி. வயலின் காதைக் குத்துகிறது, பேஸே (அடி ஒலி) இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன்.

முதலில் பேஸ். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ஒன்று உள்ளே போனது! முன்பு பழுதுபார்த்த யாரோ வூஃபரின் (பேஸ் தரும் பெரிய கூம்பு) பிளஸ், மைனஸ் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஸ்பீக்கரின் கூம்புகளும் எதிரெதிராக அசைந்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒயரைச் சரியாக மாற்றியதும் பேஸ் வந்துவிட்டது.

அப்புறம் வயலின் குத்தல். அதற்குக் கிராஸ்ஓவரைப் பார்த்தேன் (கீழ் ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியைச் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று). 8 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மீட்டரில் 11 காட்டியது. மதிப்பு ஏறினால் ட்வீட்டருக்குப் போகக்கூடாத கீழ் அலைவரிசையும் போகும். புது ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டும் கொஞ்சம் கூர்மைதான். பழையதில் இருந்த உள்தடை இதில் இல்லையே. தொடரில் 1 ஓம் ரெசிஸ்டர் சேர்த்ததும் அடங்கியது.

ட்வீட்டர் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் இன்னும் கரகரக்கிறது. கான்டாக்ட் கிளீனர் வாங்க வேண்டும்.