வேலை இடத்தில் பெற்றோர் குழு ஆரம்பித்தவர்கள் யாராவது உண்டா?

கொண்டலாம்பட்டி அம்மா:
இங்கே ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மூத்தவள் இரண்டாவது படிக்கிறாள், சின்னவனுக்கு இரண்டு வயசு. போன வாரம் மழை லீவு என்று விடிந்த பிறகுதான் சொன்னார்கள். எங்கள் பிரிவில் மூன்று பேர் வேலைக்கு வரவில்லை, மூவருக்கும் சம்பளம் பிடித்தார்கள். மூவர் வீடும் பக்கம் பக்கம்தான்! முன்பே பேசி வைத்திருந்தால் ஒருத்தி வீட்டில் பிள்ளைகளை விட்டிருக்கலாம். குழு ஆரம்பித்தால் சூப்பர்வைசர் சங்கம் சேர்க்கிறோம் என்று நினைப்பாரோ?

ஐந்து ரோடு நர்ஸ்:
நாங்கள் ஏழெட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தோம். முதலில் எல்லாம் குட்மார்னிங் ரோஜாப்பூதான். அப்புறம் ஒரே விதி வைத்தோம்: தேதி, ஷிப்ட், வார்டு இருந்தால்தான் செய்தி. "வியாழன் நைட், ஐசியூ, பாப்பாவுக்கு ஜுரம், யார் மாத்துவீங்க?" அவ்வளவுதான். இன்சார்ஜ் சிஸ்டரைச் சேர்க்கவில்லை. அவர் இருந்தால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். மாற்றம் முடிவானதும் அவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவோம்.

ஒன்று மறக்காதீர்கள். கல்யாணமாகாத பெண்கள் தலையிலேயே எல்லா நைட்டையும் கட்டினால் குழு ஒரு மாசம் தாங்காது. அவர்கள் செய்ததை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறோம். தீபாவளி, பொங்கல் லீவில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

சூரமங்கலம் அப்பா:
அப்பாக்களையும் சேருங்கள். பிள்ளைக்காக லீவு கேட்டால் "வீட்டில் அம்மா இல்லையா?" என்கிறார் எங்கள் மேனேஜர்.

பழைய ஹெச்ஆர்:
சங்கம் வைப்பதும் தப்பில்லை, அது வேறு விஷயம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்று சேர்த்தார்கள். இதைத் தனியாகக் கேட்டால் உங்களைத்தான் முறைப்பார்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

கொண்டலாம்பட்டி அம்மா:
நன்றி. காப்பகம் என்று போர்டு போட்ட ரூம் ஒன்று இருக்கிறது, உள்ளே கூரை வரை அட்டைப்பெட்டி. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேசப்போகிறோம். கட்டிங்கில் இரண்டு அப்பாக்களும் வருவதாகச் சொன்னார்கள். நர்ஸ் அக்கா, அந்த நோட்டை உங்களில் யார் வைத்திருக்கிறீர்கள்?